ஒபைதேயும் மெர்வாவும்: இரண்டு மலைகளின் வெள்ளை ஒயின்

வேலை நிமித்தம் பெய்ரூட்டில் தங்கியிருந்த காலத்தில், 2018 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலகத் தோழி ஒருத்தி தன் பெற்றோர் வீட்டு மதிய உணவுக்கு என்னை அழைத்துப் போனாள். ஜூனியே நகரைத் தாண்டியதும் சாலை கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வளைந்து வளைந்து ஏறத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் கடற்கரையின் புழுக்கம் விலகி, பைன் மரங்களின் வாசனையும் கம்பளிச் சட்டையைத் தேட வைக்கும் காற்றும் வந்துவிடும். கெஸ்ர்வான் மலைச்சரிவில் இருந்த அந்த வீட்டின் உணவு மேசையில், காலையிலேயே கார்க் எடுத்த வெள்ளை ஒயின் புட்டி ஒன்று நின்றது. குளிர்ப்பெட்டியில் வைக்க மறந்துவிட்டார்கள் போலும் என்று எண்ணி அதை நான் கையில் எடுத்தபோது, தோழியின் தந்தை சிரித்துக்கொண்டே தடுத்தார். முதலில் சிவப்பு ஒயின், இது கடைசியில், அதுவும் குளிராமல் இப்படியே என்றார். அவரை நான் அந்த ஊர் வழக்கப்படி ‘அம்மோ’ என்று அழைத்தேன். நம் ஊரில் மாமா என்று சொல்வதற்கு நிகரான சொல்.

புட்டி ஷாத்தோ மூசார் என்ற லெபனான் ஒயின் நிறுவனத்தின் வெள்ளை ஒயின், 2006ஆம் ஆண்டு அறுவடை. கோப்பையில் ஊற்றியபோது புளி போட்டுத் துலக்கிய பித்தளையின் நிறம் இருந்தது. முதல் வாய்க்குப் பழத்தின் சுவையே தெரியவில்லை. தேன்மெழுகின் வாசனையும், வால்நட் பருப்பின் மேல்தோலில் இருக்கும் இலேசான கசப்பும், அவற்றுக்குப் பின்னால் என் பாட்டி சாடியில் ஊறவைத்த உப்பு நாரத்தையின் உவர்ப்பும் புளிப்பும் வந்தன. உலர்ந்த ஆப்பிரிகாட்டின் இனிமை அரை மணி நேரம் கழித்துத்தான் மேலே வந்தது. ஆனால் ஒயினில் இனிப்பு இல்லை, முற்றிலும் உலர்ந்த ஒயின்தான். நான் வியந்தது அதன் புளிப்பைக் கண்டுதான். கோடையில் ஏறத்தாழ ஒரு துளி மழையும் பெய்யாத ஒரு கிழக்கு மத்தியதரைக்கடல் நாட்டில், பெரும்பாலான வெள்ளை ஒயின்கள் தளர்ந்து முடிந்துபோகும் பன்னிரண்டு ஆண்டு வயதில், இந்தப் புளிப்பு எப்படிக் கூர் மழுங்காமல் நிற்கிறது?

அம்மோ பதில் சொல்லாமல் சன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். வீட்டுக்குக் கீழே, கல் அடுக்கிக் கட்டிய படிவயல்களில், மஞ்சளேறிய இலைகளோடு பழைய கொடிகள் நின்றன. மெர்வா என்றார், அந்த ஒயினில் கலக்கும் இரண்டு திராட்சை ரகங்களில் ஒன்று. பிறகு கையை எதிர்த்திசையில், மலையின் முதுகுக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஓரிடத்துக்கு ஆட்டினார். இன்னொரு ரகமான ஒபைதே அந்தப் பக்கம் என்றார்.

லெபனானின் நிலம் ஒரு சிறு நாட்டுக்குள் மூன்று பட்டைகளாகக் கிடக்கிறது. கடலை ஒட்டி எழும் லெபனான் மலைத்தொடர் தன் உச்சமான குர்னத் அஸ்-ஸவ்தாவில் 3,088 மீட்டரைத் தொடுகிறது. சிரியா எல்லையை ஒட்டிக் கிழக்கு லெபனான் மலைத்தொடர் நிற்கிறது. அதன் தென்கோடியில் இருப்பதுதான் 2,814 மீட்டர் உயரமுள்ள எர்மோன் மலை. இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 120 கிலோமீட்டர் நீளத்துக்கும் 16 கிலோமீட்டர் அகலத்துக்கும் பெக்கா விரிந்திருக்கிறது. அதைப் பள்ளத்தாக்கு என்று எல்லாரும் சொல்கிறோம். ஆனால் அந்தப் பள்ளத்தின் தரையே கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் மேலே இருக்கிறது. பால்பெக் நகரின் அருகில் நீர் இரண்டாகப் பிரிகிறது: லித்தானி ஆறு தெற்கே போகிறது, ஆசி ஆறு வடக்கே சிரியாவுக்குள் போகிறது. நாட்டின் ஒயின் திராட்சையில் பெரும்பகுதி இந்தத் தரையிலும் அதன் இரு ஓரச் சரிவுகளிலும்தான் விளைகிறது. கடலிலிருந்து வரும் மழை மேகம் முதல் மலையிலேயே பெரும்பாலும் இறங்கிவிடுவதால், பெக்காவும் அதற்குக் கிழக்கே உள்ள சரிவும் மழை மறைவில் உலர்ந்து கிடக்கின்றன. குளிர்காலப் பனி உருகி மண்ணுக்குள் இறங்கும் நீரை நம்பியே கொடி கோடையைக் கடக்கிறது.

மறு ஆண்டு செப்டம்பர் இறுதியில் அந்தப் பக்கத்துக்குப் போனேன். பெய்ரூட்–டமாஸ்கஸ் சாலை கடலோரத்திலிருந்து புறப்பட்டு, 40 கிலோமீட்டர்கூட ஆகாத தொலைவில் தஹ்ர் அல் பைதர் கணவாயில் 1,500 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. கணவாய்க்குச் சற்று முன்னால், மதைரிஜ் என்ற இடத்தில், ஆழ்ந்த பள்ளத்தின் மேல் மிக உயரமான தூண்களில் ஒரு பாலம் நிற்கிறது. 2006 ஜூலையில் இஸ்ரேலின் போர் விமானங்கள் அதைக் குண்டு வீசி உடைத்தன. போர் ஆகஸ்ட் 14 அன்று நின்றது. அந்த வருட ஒபைதே அப்போது கொடியில் பழுத்துக்கொண்டிருந்தது. பறித்த பழம் இந்த மலையைத் தாண்டித்தான் மேற்கே போக வேண்டியிருந்தது. அம்மோ வீட்டில் நான் குடித்த புட்டி அந்த ஆண்டினுடையது என்பதைப் பாலத்தின் மேல் கார் போகும்போதுதான் எனக்குள் கூட்டிப் பார்த்தேன். அதன் பிறகு அந்த ஒயினை வெறும் சுவையாக என்னால் நினைக்க முடிந்ததில்லை.

கணவாயைத் தாண்டியதும் ஈரக்காற்று அறுந்துபோகிறது. கீழே பெக்கா, சதுரம் சதுரமாகப் பிரித்த பழுப்பும் பச்சையுமான தரை. அதற்கு அப்பால் மரமற்ற, எலும்பின் நிறமுள்ள இரண்டாம் மலை. ஷதவ்ராவில் காலை உணவுக்கு நின்றபோது வெயில் சுள்ளென்று அடித்தது. அன்று இரவு, பள்ளத்தாக்கின் கிழக்கு ஓரத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கியபோது, இரண்டு போர்வைகள் போதவில்லை.

அந்தப் போர்வைகளில்தான் என் கேள்விக்கான விடையில் பாதி இருந்தது. திராட்சை பழுப்பதில் இரண்டு காரியங்கள் ஒருசேர நடக்கின்றன: சர்க்கரை ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது. சர்க்கரை பகலில் இலை வெயிலைக் கொண்டு செய்வது. புளிப்பு இறங்குவதற்கு முக்கியக் காரணம், பழம் தன் சுவாசத்துக்கு மாலிக் அமிலத்தை எரிப்பது. காற்று எவ்வளவு வெப்பமாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக அந்த அமிலம் எரிகிறது. இரவும் புழுக்கமாக இருந்தால் எரிப்பு ஓய்வதே இல்லை. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறைகிறது. அதோடு, உலர்ந்த மேட்டு நிலத்தில் மேகப் போர்வை இல்லாததால் பகலில் ஏறிய சூடு இரவில் வானத்துக்கே திரும்பிப் போகிறது. ஆகவே கொடிக்குப் பகலெல்லாம் மத்தியதரைக்கடலின் வெயிலும் இரவெல்லாம் மலைக் குளிரும் கிடைக்கின்றன. பழம் முழுதாக இனித்த பிறகும் புளிப்பைக் கைவிடுவதில்லை. இன்னொன்றும் உண்டு: உயரம் கூடக் கூடப் புறஊதாக் கதிர் வலுக்கிறது, அதற்குத் தற்காப்பாகப் பழத்தின் தோல் தடிக்கிறது. நாவில் நான் உணர்ந்த அந்த வால்நட் தோல் கசப்புக்கு இதில் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

மூசாரின் ஒபைதே கிழக்கு மலையடிவாரத்தில், 1,400 மீட்டரை நெருங்கும் உயரத்தில், சுண்ணாம்பும் கல்லுமான மண்ணில் விளைகிறது. நான் பார்த்தது சாலையோரத்தில் இருந்த வேறொருவரின் தோட்டம். ஆனால் கொடி அதே கொடி, மண்ணும் அதே வெண்மண். பந்தல் இல்லை, கம்பியும் இல்லை. முழங்கால் உயரத்தில் முறுக்கேறிய ஓர் அடித்தண்டும், அதிலிருந்து தரையோடு கவிந்த சில கிளைகளும், அவற்றின் நிழலிலேயே ஒளிந்திருக்கும் குலைகளுமாக ஒவ்வொரு கொடியும் தனித்தனிப் புதராக நின்றது. பழம் மஞ்சள் கலந்த பச்சை, வெயில் பட்ட பக்கத்தில் செம்புள்ளிகள். ஒரு பெதுயின் குடும்பம் பெட்டிகளில் பறித்து அடுக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டிகளில் பெரும்பகுதி அரக்கு என்னும் சாராயம் வடிக்கப் போகிறது என்றார்கள். லெபனானின் அரக்கு திராட்சை ஒயினை வாலையில் காய்ச்சி, சோம்புக்கு உறவான அனிஸ் விதையோடு மீண்டும் வடிப்பது. தண்ணீர் ஊற்றியதும் பால்போல் வெளுத்துவிடும். அதற்கு மரபான திராட்சை ஒபைதே. அந்த அரக்குதான் இந்தக் கொடியை அழியாமல் காத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. சிவப்பு ஒயினுக்காகப் பிரெஞ்சு ரகங்கள் பெக்காவின் தரையைப் பிடித்தபோது, யாரும் மதிக்காத மேட்டில், வீட்டுக்கு வீடு வடிக்கும் சாராயத்துக்காக, இது தன் சொந்த வேரில் நின்றுகொண்டிருந்தது. சொந்த வேர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரை அரிக்கும் பிலாக்சரா பூச்சி ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்த பிறகு, உலகின் பெரும்பாலான ஒயின் கொடிகள் அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டியே வளர்க்கப்படுகின்றன. இந்த மேட்டுக் கொடிகளில் பல இன்றும் ஒட்டுப்படாதவை.

பால்பெக்கின் பாக்கஸ் கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் பெக்காவைக் கடக்க முடியாது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமர்கள் எழுப்பிய அக்கோயிலின் வாசல் நிலையில் திராட்சைக் கொடி செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே பினீசியர்கள் இந்தக் கரையிலிருந்து ஒயினைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். லீபனோனின் திராட்சரசத்தின் வாசனை பைபிளின் ஓசியா நூலில் உவமையாக வருவதைத் தமிழ்க் கிறிஸ்தவ வாசகர்கள் அறிவார்கள். நவீன ஒயின் தொழில், 1857இல் பெக்காவின் க்ஸாராவில் இயேசு சபைத் துறவிகள் தொடங்கிய தோட்டத்திலிருந்து எண்ணப்படுகிறது.

இனி மேற்குப் பக்கத்துக்கு வருகிறேன். 1930இல் இருபது வயது காஸ்டோன் ஹோஷார் மூசாரைத் தொடங்கியபோது, ஒயின் செய்யும் இடத்தைத் திராட்சை விளையும் பெக்காவில் வைக்கவில்லை. பெய்ரூட்டுக்கு வடக்கே, கடலைப் பார்த்த கஸீர் ஊரின் பழைய கோட்டையில் வைத்தார். பெக்கா எந்த நாட்டுக்குள் நிலைக்கும் என்பது அன்று உறுதியாகத் தெரியவில்லை என்பதுதான் இதற்குக் குடும்பம் சொல்லிவரும் காரணம். அந்த ஒரு முடிவால், இந்த ஒயினின் ஒவ்வொரு அறுவடையும் ஒரு மலைப் பயணமாகிவிட்டது. காஸ்டோனின் மகன் செர்ஜ் ஹோஷார் போர்தோவில் ஒயின் கலை பயின்று 1959இல் பொறுப்பேற்றார். 1975இல் உள்நாட்டுப் போர் தொடங்கி 1990 வரை நீடித்தது. அந்தப் பதினைந்து ஆண்டுகளும் பழம் ஏற்றிய லாரிகள் இடம் மாறிக்கொண்டிருந்த போர்முனைகளையும் ஒவ்வொரு குழுவின் சோதனைச் சாவடிகளையும் கடந்து கஸீருக்கு வர வேண்டியிருந்தது. 1976இல் ஒயின் செய்யவே முடியவில்லை. 1984இல் லாரிகள் வந்து சேர்ந்தபோது பழம் வழியிலேயே புளிக்கத் தொடங்கியிருந்தது. நிலவறை, ஊர் மக்கள் குண்டுக்கு ஒதுங்கும் இடமாகவும் இருந்தது. உள்நாட்டில் வாங்க ஆளில்லாத நிலையில் செர்ஜ் 1979இல் பிரிஸ்டல் ஒயின் கண்காட்சிக்குத் தன் புட்டிகளைக் கொண்டுபோனார். அங்கே பிரிட்டிஷ் ஒயின் விமர்சகர் மைக்கேல் பிராட்பென்ட் அவற்றைச் சுவைத்துப் பாராட்டியது, மூசாரை உலகறியச் செய்தது. 1984இல், தன் அறுவடை வழியிலேயே புளிக்கத் தொடங்கிய அதே ஆண்டில், டெகேன்டர் என்ற ஒயின் இதழின் முதல் ‘ஆண்டின் சிறந்த மனிதர்’ விருது அவருக்குக் கிடைத்தது.

இந்தக் கதைகள் எல்லாம் பெரும்பாலும் மூசாரின் சிவப்பு ஒயினோடு சேர்த்தே சொல்லப்படுகின்றன. எனக்கோ வெள்ளைதான் அந்த வீட்டின் உண்மையான முகம் என்று படுகிறது. செர்ஜும் தன் வெள்ளையைச் சிவப்புக்குப் பிறகே பரிமாறுவார். சிவப்பு, கபர்னே சோவிஞோன், சின்சோ, கரிஞான் என்ற பிரெஞ்சு ரகங்களின் கலவை. அந்த ரகங்கள் வேறெங்கும் கிடைப்பவை, தனிச்சிறப்பு மண்ணாலும் செய்நேர்த்தியாலும் வருவது. வெள்ளையிலோ கொடியே இந்த மலைகளினுடையது. பெரும்பகுதி ஒபைதே, மூன்றில் ஒரு பங்கு அளவில் மெர்வா. ஒபைதே உடம்பைக் கொடுக்கிறது: தேனும் மெழுகும், வாயை நிறைக்கும் கனமும் அதனுடையவை. கிழக்கு மலையின் வறட்சி அதில் அப்படியே இருக்கிறது. மெர்வா விளைவது கடலைப் பார்த்த மேற்குச் சரிவில். கோடையிலும் கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனி படியும் படிவயல்களில். அம்மோ தன் மெர்வாவை மட்டும் போட்டு வீட்டளவில் செய்த ஒயினை எனக்கு ஒருமுறை கொடுத்தார். எலுமிச்சைத் தோலும் பச்சை வாதாம் பருப்புமாக, மெல்லியதாக, எலும்பு தெரிய இருந்தது. சதை இல்லையே என்று நினைத்தேன். அதே நாளில் மூசாரைக் குடித்தபோதுதான் அந்த எலும்பின் மேல் எந்தச் சதை உட்கார்ந்திருக்கிறது என்பது புரிந்தது. மழை மலையின் பழமும் மழை மறைவு மலையின் பழமும் ஒன்றில் ஒன்று குறை தீர்த்துக்கொள்கின்றன. கலவை என்றால் குறையை மறைக்கும் வேலை என்று அதுவரை நான் எண்ணியிருந்த எண்ணம் அன்றோடு போயிற்று.

கஸீரில் செய்யும் முறையும் இதற்கு இசைவானதே. காட்டு ஈஸ்ட்டைக் கொண்டே சாறு பிரெஞ்சு ஓக் பீப்பாய்களில் புளிக்கிறது. மாதக்கணக்கில் அங்கேயே இருக்கிறது. வடிகட்டித் தெளியவைப்பதில்லை, ஒயினைக் கெடாமல் காக்கும் கந்தகத்தை மிகக் குறைவாகவே சேர்க்கிறார்கள். பின்னர் இரண்டு ரகங்களையும் கலந்து புட்டியில் அடைத்து, அறுவடையிலிருந்து ஏழாண்டுகள் கழித்தே விற்பனைக்கு அனுப்புகிறார்கள். ஆல்கஹால் 12 சதவீத அளவுதான். இப்படிச் செய்வதால் புட்டிக்குப் புட்டி ஒயின் வேறுபடும் என்ற குறை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது, அதை மறுக்க வேண்டியதில்லை. காற்றோடு பழகிய ஒயின் என்பதால் சிலருக்கு இது கெட்டுப்போனதாகவும் தோன்றும். பளிச்சென்ற பழச்சுவைக்காக வெள்ளை ஒயினைத் தேடுபவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் காற்றையும் காலத்தையும் தாங்குவதற்குக் கந்தகத்தை விட்டுவிட்டு வேறொன்றை நம்ப வேண்டும், அது மலைக் குளிர் காத்துக் கொடுத்த அமிலமும் வெயில் தடிக்கவைத்த தோலும்தான் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

ஒபைதே ஷார்தொனே என்ற பிரெஞ்சு வெள்ளைத் திராட்சையின் முன்னோர், மெர்வா செமியோன் என்ற இன்னொன்றின் முன்னோர் என்றும், சிலுவைப்போர் வீரர்கள் அவற்றை இங்கிருந்து பிரான்சுக்குக் கொண்டுபோயிருக்கலாம் என்றும் ஒரு கதை வெகுநாள் உலவியது. மரபணுச் சோதனைகள் அந்த உறவை ஆதரிக்கவில்லை. இரண்டும் தனித்த ரகங்கள். அந்தக் கதை பொய்த்ததில் எனக்கு மகிழ்ச்சியே. பாரிஸில் புகழ்பெற்ற ஒருவரின் பாட்டி என்று சொன்னால்தான் மதிப்பு என்ற நிலை இந்தக் கொடிகளுக்கு வேண்டாம். ஷாத்தோ க்ஸாரா 2017 அறுவடையில் மெர்வாவை மட்டும் கொண்டு ஓர் ஒயினைச் செய்தது. மற்றவர்கள் ஒபைதேயைத் தனியாகப் புட்டியில் அடைக்கிறார்கள். அரக்கு வியாபாரி கொடுத்த விலையை மட்டுமே அறிந்திருந்த மேட்டுக் குடியானவர்களுக்கு இது நல்ல செய்தி. படிவயலின் கல்சுவர் இடிந்தால் மறுபடி கட்ட இப்போது ஒரு காரணம் இருக்கிறது என்று அம்மோவே சொன்னார்.

செர்ஜ் ஹோஷார் 2014இன் கடைசி நாளில் மெக்சிகோவில் கடலில் நீந்தும்போது இறந்துவிட்டார். நான் பெக்காவிலிருந்து திரும்பிய சில வாரங்களில், 2019 அக்டோபரில், பெய்ரூட் தெருக்கள் போராட்டத்தால் நிறைந்தன. அதைத் தொடர்ந்து வங்கிகள் மூடின, லெபனான் பவுண்டு வீழ்ந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று துறைமுகம் வெடித்தது. அதற்கு முன்பே நான் அந்த நாட்டை விட்டு வந்துவிட்டேன். என் பெட்டியில் துணிகளுக்கு நடுவே 2006இன் இன்னொரு புட்டி இருந்தது.

2024 செப்டம்பர் 23 அன்று பெக்காவிலும் தெற்கிலும் இஸ்ரேலின் குண்டுகள் விழத் தொடங்கியபோது நான் தோழியை அழைத்தேன். மலை ஊர் பாதுகாப்பாக இருக்கிறது, பெக்காவிலிருந்து வந்த உறவுக்காரக் குடும்பம் ஒன்று வீட்டில் தங்கியிருக்கிறது என்றாள். தொலைபேசியை அம்மோ வாங்கினார். மெர்வா இன்னும் கொடியில் இருக்கிறது, அடுத்த வாரம் பறிக்கிறோம் என்றார். அந்தப் பக்கத்து ஒபைதே என்னாகும் என்று கேட்டேன். தஹ்ர் அல் பைதர் வழியாக லாரிகள் வந்துகொண்டிருப்பதாகக் கேள்வி என்றார். பிறகு, கார்க்கைக் காலையிலேயே எடுத்துவிடு, குளிர்ப்பெட்டியில் வைத்துவிடாதே என்று நினைவூட்டினார்.

மறுநாள் காலை அந்தப் புட்டியைத் திறந்தேன். அதை மூன்று நாள் குடித்தேன். மூன்றாம் நாள் இரவு, அடியில் எஞ்சிய அரைக் கோப்பையிலும் நாரத்தையின் புளிப்பு அப்படியே நின்றது. 2024இன் ஒயின் விற்பனைக்கு வர 2031 ஆகும்.